வெளிநாட்டில் ரிலேஷன்ஸ் உண்டா?

‘வெளிநாட்டில் ரிலேஷன்ஸ் உண்டா?’ என்று ப்ரமோஷன் படிவத்தில் இங்கிலீஷில் கேட்டிருந்தது.

சண்முகசுந்தரம் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு பொய் எழுதியதில்லை மனுஷர். ‘உண்டு. மகள் வனஜா. எம்.ஏ., இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், முதல் வருஷம் முடித்திருக்கிறாள்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வந்தது வினை.

அவருக்கு ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறை ஃபாக்டரியில் வேலை. வெளிநாட்டுச் சொந்தம் என்றாலே விசாரணை உண்டு. விசாரித்து ஃபைலை மூடினால்தான் டர்னர் சண்முகசுந்தரம் சார்ஜ்மேன் ஆவார். ஆன கையோடு மத்தியப் பிரதேசத்துக்கு மாற்றல், குவார்ட்டர்ஸும் காலி.

“போதும் படிச்சது. ரஷ்யாவும் அமெரிக்காவும் அடிச்சிக்கிட்டா அவங்க பார்த்துப்பாங்க. நீ மூட்டையக் கட்டு” என்றார் மகளிடம்.

வனஜா ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தாள். அம்பத்தூர் பெரியம்மா வீட்டில் தங்கி இரண்டாம் வருஷத்தை முடிக்கிறேன் என்றாள். இரு தரப்புக்கும் நஷ்டமில்லாத ஒப்பந்தம் இது என்று பாடப் புத்தகத்தைப் பிரித்தே காட்டினாள். எடுபடவில்லை. வீட்டில் வீட்டோ அதிகாரம் அப்பாவிடம் இருந்தது.

“அம்மா, நீ யார் பக்கம்?”

“இதென்ன கேள்வி? உங்கப்பா பக்கம்தான்” என்ற ஜெகதாம்பாள், அன்றைக்கே பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் போட்டு வாயைத் தைத்துவிட்டாள்.

ஃபைல் போய்ச் சேர்ந்த இடம் செக்யூரிட்டி செக்‌ஷன் கிளார்க் ஜேம்ஸின் மேஜை. முத்தாபுதுப்பேட்டைக்காரர். ஒரு வாரத்தில் முடிகிற காரியம் என்றுதான் சண்முகசுந்தரம் போனார்.

சொந்தக்காரர் யாரும் இல்லை, இது ஒரு சப்ஜெக்ட், அவ்வளவுதான் என்று நின்றுகொண்டே விளக்கினார்.

“எந்த நாட்டு சப்ஜெக்ட்டு அண்ணாத்தே? பிரிட்டிஷ் சப்ஜெக்ட்டா?” என்று ஜேம்ஸ் பேனாவைத் திறந்தார்.

“யோவ், படிக்கிற சப்ஜெக்ட்டுய்யா!”

“அத்த எழுத்துல குடுங்க.”

எழுத்தில் கொடுத்தார். அடுத்த மாதம் பாடத்திட்டத்தின் நகல் கேட்டார் ஜேம்ஸ். அதற்கடுத்த மாதம், நகலில் பச்சை மையில் கையெழுத்து இல்லையென்று திருப்பிவிட்டார். அது வந்ததும், பாடத்தில் ‘அதிகாரச் சமநிலை’ என்று போட்டிருக்கிறதே, எந்த அதிகாரியைச் சமன் பண்ணப் போகிறது பெண் என்று கேட்டு ஒரு மெமோ.

இதற்குள் அந்த ஃபைலின் மேல் ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகள் வளர்ந்து, கேன்டீனில் பெர்மனென்டும் ஆகிவிட்டன. சண்முகசுந்தரத்துக்கு மட்டும் ஆர்டர் வரவில்லை.

உச்சம் தை மாதத்தில். வனஜாவின் புத்தகப் பட்டியலில் பதினேழு வெள்ளைக்காரப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவரும் என்ன முறை என்று தனித்தனியாக எழுதச் சொன்னார் ஜேம்ஸ்.

சண்முகசுந்தரம் பட்டியலை மேஜையில் அடித்தார். “எல்லாரும் என் மச்சானுங்கய்யா, போதுமா?”

ஜேம்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். “பதினேழு மச்சானா? ரைட்டு. அட்ரஸ் இன்னா?”

வீட்டுக்கு வந்து புலம்பினால் ஜெகதாம்பாள் அவரைவிட ஒரு படி மேலே போய்ச் சபித்தாள். அவன் கை விளங்குமா, அவன் பேனா முள் ஒடிய என்று தெருவுக்கே கேட்கும். ஜேம்ஸுக்கு மேலே இருக்கும் ஆபீசரைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் கிளம்பினால் மட்டும், பெரிய இடத்துப் பகை நமக்கெதற்கு என்று சட்டையை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவாள்.

ஃபைல் மூடுகிற வரை பெண் சும்மாதானே இருக்கிறது, போய் வரட்டும் என்று அவரும் விட்டிருந்தார். வனஜா காலையில் ஆவடியில் ரயிலேறி, பீச்சோரம் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சித்திரையில் இரண்டாம் வருஷப் பரீட்சை வந்தது. ஒரு வியாழக்கிழமை கடைசிப் பேப்பரையும் எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேம்ஸ் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், ஃபைலில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று முத்திரை ஈரமாக இருந்தது.

சண்முகசுந்தரத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. பதினோரு மாத எரிச்சல்தான் மொத்தமாக வந்தது.

“ஒரு நிமிஷ வேலை. இதுக்கா என்னை நாயா அலைய விட்டே? ஒரு மனுஷன் பொழப்புல இப்படி விளையாடுவியா? உனக்கு மனசாட்சி இருக்கா?”

செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. ஜேம்ஸ் எழுந்து, முதல் தடவையாக அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“குந்துங்க அண்ணாத்தே. மொத வாரமே மூடியிருப்பேன். உங்க ஊட்டம்மா எங்க ஊட்டாண்ட வந்து நின்னுட்டாங்க. பாப்பா பரீட்ச முடியற வரிக்கும் எதுனா கேட்டு இழு தம்பின்னாங்க. என்னால ஆவாதும்மா, அவுரு பாவம்னேன்.”

“அவளா? அவ என்ன சொன்னா?”

ஜேம்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

“ ‘அவருக்கு ப்ரமோஷன் இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் வரும் தம்பி. பொண்ணு படிப்பு பாதியில நின்னா நின்னதுதான். என்னோடது அப்படித்தான் எட்டாங்கிளாஸோட நின்னுச்சு’ன்னாங்க.”