நூற்றியொன்றாம் நாள்

மழை விட்ட காலையில், மண்வெட்டி இல்லாமல் குளத்துக்கு வந்தாள் சிட்டம்மா. கரை வேலைக்கு வந்த ஆட்களை வருகைப் பதிவுக்காகப் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் மலர்க்கொடி பதறினாள்.

“அக்கா, உங்க வீட்டுக்கு நேத்தோட நூறு நாள் முடிஞ்சிருச்சு. இனிமே ஏப்ரல்லதான் வேலை.”

“வேலைக்கு யாரு வந்தா?”

தினமும் டேப்பை நீட்டி, “ஆழம் பத்தாதுக்கா, இன்னும் வெட்டுங்க” என்று அவளை விரட்டியவள் மலர்க்கொடிதான். வெட்டிய பள்ளமெல்லாம் இப்போது தண்ணீருக்குள் இருந்தது. சிட்டம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தன் பள்ளம் இருந்த இடத்தைப் பார்த்துக் குதித்தாள். ஆளைக் காணவில்லை. கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு நரைத்த தலை மேலே வந்தது, வாய்கொள்ளாச் சிரிப்போடு.

“மலரு, டேப்ப எடுத்துட்டு வாடி! எனக்கே காலு எட்டல!”