எட்டாம் நாள் துவைப்பு

இரத்தக் கறை படிந்த வெள்ளைப் பனியனை ஹிலாரியோ ஆற்றுக்குள் அமுக்கிப் பிடித்தான். தண்ணீர் கொஞ்ச தூரம் சிவந்து ஓடிப் பிறகு தெளிந்தது. கரையில் ஒரு கறுப்பு முகமூடியும் இரண்டு கால்சட்டைகளும் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் வறட்டி நெருப்பு புகைந்துகொண்டிருந்தது.

"வண்டியை நிறுத்து! ரூபென், கேமராவை எடு," என்றான் கொன்சாலோ.

தலைநகர் லிமாவிலிருந்து வந்த தொலைக்காட்சிச் செய்தியாளன் அவன். எட்டு நாட்களுக்கு முன் இந்த ஆற்றுப் பாலத்தில், சாலை மறித்தவர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில் நான்கு பேர் செத்திருந்தார்கள். கல்லடியில் செத்த போலீஸ்காரனின் பெயரும் படமும் கறுப்பு ரிப்பனோடு அன்று முதல் திரையின் மூலையில் இருந்தன. குண்டடியில் செத்த ஊர்க்காரர்கள் மூவருக்கும் அவன் சேனலில் பெயர் இல்லை. கும்பலைச் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

அந்த எட்டு நாளும் நகரத்து ஹோட்டல் வாசலில் நின்றுதான் கொன்சாலோ பேசினான். பாலத்தைத் தாண்டி இன்றுதான் வந்தான்.

கரையில் சதுர்னினா தொப்பியைத் தாழ்த்தி, கோகா இலையைக் கன்னத்தில் அடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"யாரோட துணிம்மா இது?"

அவள் நிமிரவில்லை. மகள் நெலிதாதான் ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

"செத்துப்போன என் தம்பியோடது சார். எட்டாம் நாள் இதையெல்லாம் துவைச்சு, இருட்டறதுக்குள்ள எரிச்சாகணும். இல்லன்னா அவன் போக வழி தெரியாம வீட்டையே சுத்திட்டிருப்பான். தயவுசெஞ்சு போயிடுங்க."

"எங்க செத்தான்?"

"பாலத்துல."

கொன்சாலோ ரூபெனைத் திரும்பிப் பார்த்தான். "அவன் பேரு?"

நெலிதா வாய் திறப்பதற்குள் சதுர்னினா தங்கள் மொழியில் சொன்னாள்: "சொல்லாதே. அவங்க வாயில அவன் பேரு புரண்டது போதும்."

கொன்சாலோவுக்கு அது புரியவில்லை. "என்ன சொல்றாங்க?"

ஆற்றுக்குள்ளிருந்து ஹிலாரியோ சிரித்தான். அந்த வீட்டு மருமகன் அவன். துவைப்பது மருமகன் வேலை. "வந்ததுதான் வந்தீங்க, ஒரு கால்சட்டையை அலசிக் குடுத்துட்டுப் போங்கன்னு சொல்றாங்க சார். உங்க கை அழுக்கும் போகும்."

கொன்சாலோ சிரிக்கவில்லை. ரூபென் அவன் காதருகே குனிந்தான். "அண்ணே, இங்க செத்தவங்க துணியை இப்படித் துவைக்கற வழக்கம் உண்டாம். ஊருக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமே."

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள எரிஞ்சிடும். அதுல இரத்தம் இருக்குடா. இரத்தத்துக்கு யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க."

அடுத்த நிமிடம் நேரலை தொடங்கியது.

"நேயர்களே, கொலையாளியின் குடும்பம் தடயங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. இதோ அவன் அணிந்த முகமூடி! இதோ நம் வீரனின் இரத்தம்!"

காதிலிருந்த கருவியில் ஸ்டூடியோவின் குரல் கேட்டது. "அந்தப் பொம்பளை மூஞ்சியைக் கிட்டக் காட்டுங்க."

ரூபென் நெருங்கினான். சதுர்னினா முகத்தைத் திருப்பவுமில்லை, மறைக்கவுமில்லை. இலையை மெல்வதை மட்டும் நிறுத்தினாள்.

நெலிதாவின் கைப்பேசி அடித்தது. அரெகிப்பா நகரத்திலிருந்து சித்தி மகள். "அக்கா, டிவில உங்களைக் காட்டறாங்க! கொலைகாரக் குடும்பம்னு கீழ எழுத்து ஓடுது. எங்கயாவது ஓடிடுங்க!"

நெலிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சூரியனைப் பார்த்தாள். மலைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது.

"துவைங்க," என்றாள் சதுர்னினா.

முகமூடியைப் பிழிந்து வைப்பதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது. வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய இளைஞர்கள், அதே போன்ற கறுப்பு முகமூடிகளோடு குதித்தார்கள். ஒருவன் நெருப்பைப் பூட்ஸ் காலால் மிதித்து அணைத்தான். இன்னொருவன் பனியனைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா நாயே!"

ஹிலாரியோ விடவில்லை. தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. பனியன், முகமூடி, கால்சட்டைகள் எல்லாம் ஈரத்தோடு சாக்குக்குள் போயின.

நெலிதா கத்த வாயெடுத்தாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. சதுர்னினா மகளின் கையை எட்டிப் பிடித்தாள். நகம் பதியும் அளவுக்கு இறுக்கினாள்.

"நமது செய்தியின் பலனாகக் காவல்துறை..." என்று கொன்சாலோ பேசிக்கொண்டே இருந்தான்.

கடைசியாக சார்ஜென்ட் இறங்கி வந்தார். பாலத்துக் காவல்நிலையத்தில் பல வருடமாக இருப்பவர்.

"எழுந்திரு. தொப்பியை எடு."

சதுர்னினா எழுந்தாள். தொப்பியை எடுத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

சார்ஜென்ட் அசையவில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலை சூரியனை முழுதாக வாங்கிக்கொண்டது.

சார்ஜென்டின் கை மெல்ல மேலே போய்த் தன் தொப்பியைக் கழற்றியது. அவர் திரும்பி நடந்து வந்து, கேமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடினார்.

"எட்டு நாளா டிவில அழுதுட்டிருக்கீங்களே, அந்தப் போலீஸ்காரனைப் பெத்தவங்கய்யா இவங்க."