அம்மா அனுப்பிய ஆள்

"திரும்பிப் பார்க்காதே. சிவப்புக் குடை மறுபடியும் வந்துடுச்சு" என்று ரெனான் உதடு அசையாமல் சொன்னான்.

ஜெர்லின் உடனே திரும்பிப் பார்த்தாள். கோட்டைச் சுவரின் மறுமுனையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பக்கத்தில், தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்ட ஒரு பெரியவர். இவள் பார்த்ததுதான் தாமதம், குடை சட்டென்று தாழ்ந்து இருவர் முகத்தையும் மறைத்தது.

"காலையில கோயில்ல மெழுகுவத்தி வாங்குறப்போ பக்கத்துல நின்னாங்க. ஜீப்னி வண்டியில நமக்கு எதிர் சீட்டு. இப்ப இங்க. சந்தேகமே இல்ல, இது எங்க அம்மா வேலை" என்றான் ரெனான்.

கல்யாணமாகி இது நாலாவது நாள். சொந்த ஊரான மாசினிலிருந்து கப்பலேறி செபு தீவுக்குத் தேனிலவு வந்திருந்தார்கள். வழியனுப்ப வந்த ரெனானின் அம்மா, கப்பல் படிவரை கூடவே வந்து கட்டளைகளை அடுக்கியிருந்தாள். மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது. நண்டைத் தொடக் கூடாது. ரோட்டில் கையைக் கோத்துக்கொண்டு திரியக் கூடாது, குடும்பத்துக்கு என்று ஒரு பேர் இருக்கிறது.

"நீங்க அங்க என்ன செஞ்சாலும் இங்க எனக்குத் தெரிஞ்சிடும்" என்றுதான் முடித்திருந்தாள். அவள் மாதா கோயில் மகளிர் சங்கத் தலைவி. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவளுக்கு ஒரு சிநேகிதி இருப்பாள்.

"அதுக்காகக் காலையிலேருந்து என் விரலைக்கூடத் தொடல நீ" என்றாள் ஜெர்லின்.

"அவங்க போட்டோ எடுத்து அனுப்பிட்டா?"

"அனுப்பட்டுமே! பொண்டாட்டி கையைப் பிடிச்சான்னு உங்க அம்மா போலீசுக்கா போவாங்க?"

"வா, ஓடிடலாம்" என்று சொல்லிவிட்டு ரெனான் முன்னால் ஓடினான்.

கார்பன் மார்க்கெட்டுக்குள் புகுந்தார்கள். கருவாட்டுக் குவியல்களைச் சுற்றி, வாழைத்தார் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, மூச்சிரைக்க வெளியே வந்தார்கள். கண்ணில் பட்ட முதல் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள்.

"நண்டு சொல்லட்டுமா?" என்றாள் ஜெர்லின் ஆசையாக.

அப்போதுதான் ரெனான் பார்த்தான். மூங்கில் தட்டிக்குப் பின்னால் சுவரோரமாகச் சாத்தியிருந்தது, சிவப்புக் குடை. அவன் முகம் வெளுத்தது.

"காய்கறி சூப்" என்றான் பரிமாறுகிறவரிடம். "ரெண்டு."

தட்டிக்கு அப்பால் பெரியவரின் குரல் மெதுவாகக் கேட்டது. "உனக்கு இறால் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். ஆனா உரிச்சுத் தரணும்" என்றது அந்த அம்மாளின் குரல்.

ரெனான் ஜெர்லின் பக்கம் குனிந்தான். "சங்கேதமா பேசிக்கிறாங்க. இறால்னா நாமதான்."

ஜெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. சூப் வந்தது. இரண்டு கரண்டி குடித்தாள். மூன்றாவது கரண்டியை அப்படியே கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பேசாம உங்க அம்மாவையே தேனிலவுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம் நீ. நான் சாயங்காலக் கப்பல்ல ஊருக்குப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். காசை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் வெளியே வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். துறைமுகம்வரை வெயிலில் ஓடினான். டிக்கெட் வரிசையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜெர்லின், சொல்றதைக் கேளு..."

"நாளைக்கு நமக்கு ஒரு குழந்தை பொறந்தா, தூக்கிக் கொஞ்சவாவது கொஞ்சுவியா? இல்ல, அதுக்கும் அம்மாகிட்ட கேட்கணுமா?"

சுருக்கென்று தைத்தது. பதில் தேடி அவன் தலையைத் திருப்பினான். வரிசையில் ஏழெட்டுப் பேருக்கு முன்னால், சிவப்புக் குடை.

ரெனானுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. ஜெர்லினின் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அம்மாளின் எதிரில் போய் நின்றான்.

"போதும் ஆன்ட்டி! எடுங்க போட்டோவை. இது என் பொண்டாட்டி கை. நல்லாத் தெரியுதா? இன்னும் மூணு நாள் இதை விடப்போறதில்ல. நண்டு தின்னப்போறேன். மோட்டார் சைக்கிள்லயும் போகப்போறேன். யார் உங்களை அனுப்பினாங்களோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதுவரை உதறிக்கொண்டிருந்த ஜெர்லினின் கை, அவன் கைக்குள் அடங்கி நின்றது.

அந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணில் தீப்பொறி பறந்தது.

"யாரு தம்பி யாரை அனுப்பினது? என் மகதானே உங்களை அனுப்பினா? கோயில்ல பக்கத்துல வந்து நின்னீங்க. மார்க்கெட்டுக்குள்ள ஓடினோம், அங்கயும் வந்தீங்க. சாப்பாட்டுக் கடையில தட்டிக்குப் பின்னால ஒளிஞ்சா, முன்னால வந்து உட்கார்றீங்க. இந்தத் தீவே வேணாம்னு டிக்கெட் எடுக்க வந்தா, இங்கயுமா? என் விஷயத்துல தலையிட வேணாம்னு அவகிட்ட போய்ச் சொல்லு!"

ஜெர்லின் முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எங்களை யாரும் அனுப்பல. நாங்க தேனிலவுக்கு வந்திருக்கோம்."

பெரியவர் தொப்பியை மெல்ல மேலே தள்ளினார். அவர் முகம் குடையைவிடச் சிவந்திருந்தது.

"அட, நீங்களுமா?"