தறித்தெருவில் கரண்ட் கட்

கரண்ட் போகணும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறவள் நகரி தறித்தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மணி நாலாகிவிட்டது. நெய்து முடித்த துண்டுக் கட்டுகளைச் சுற்றிலும் தலை உயரத்துக்கு அடுக்கி, நடுவில் மைக்கை நிறுத்தி, மடியில் லேப்டாப்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலையும் கட்டுகளால் அடைத்தாயிற்று. ஃபேனையும் லைட்டையும் அணைத்தாயிற்று. வேர்வை காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் நாலு, எதிர்வீட்டு நாகபூஷணம் மாமாவுக்கு எட்டு, தெரு முழுக்க எத்தனையோ. கரண்ட் போனால்தான் எல்லாம் வாயை மூடும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் பாடிப் பதிவு செய்வேன்.

வேண்டாத நாளில் மூன்று தடவை போகிற கரண்ட், அன்றைக்குப் பார்த்துப் போகாமல் கல்லு மாதிரி இருந்தது. பாழாய்ப்போன கரண்ட்!

ஐந்து மணிக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும். கங்கம்மா ஜாத்திரைப் பாட்டு, அம்மன் திருவிழாவுக்கு. திருப்பதியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜெயபிரகாஷ் சார் ஆல்பம் போடுகிறார். நான் அனுப்பாவிட்டால் காளஹஸ்திப் பெண் ஒருத்தி பாடிவிடுவாள். என் பெயரோடு வெளிவர வேண்டிய முதல் பாட்டு அது.

போன வாரம் அந்த ஸ்டூடியோவுக்கே போய்ப் பாடினேன்தான்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா" என்றார் சார். போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். முதுகு கதவில் இடித்தது.

"இதுக்கு மேல ரோட்டுக்குத்தான் சார் போவணும்" என்றேன்.

நான் என்ன செய்வேன்? தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. குறைத்துப் பாடச் சொன்னார். குறைத்தேன். அந்த ரூமில் என் மூச்சு எனக்கே கேட்டது. அவ்வளவு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பயத்தில் சுருதி நழுவிக்கொண்டே போனது.

"வீட்லயே பாடி அனுப்பும்மா. பின்னாடி சத்தம் மட்டும் இருக்கக் கூடாது" என்றார். நல்ல மனுஷன்.

பின்னாடி சத்தம் மட்டும்! எங்கள் தெருவில் இருப்பதே அது ஒன்றுதானே.

போன மாதம் ஒருநாள், பாடிப் பழக வேண்டுமென்று நாகபூஷணம் மாமாவிடம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"நான் நிறுத்திட்டா உன் பாட்டா வந்து நெய்யும்?" என்று தெருவே வேடிக்கை பார்க்க விரட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நைனாவிடம் கெஞ்சினால், பெற்ற மகளுக்காக எங்கள் நாலு தறி நிற்கும். அந்த எட்டு நிற்குமா?

போன் அடித்தது. சார்தான்.

"இன்னும் கரண்ட் போவல சார்! அஞ்சு வரைக்கும் பாருங்க! அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடாதீங்க சார், அழுதுகினு கேக்கறேன்!"

கத்தித்தான் சொன்னேன். தறித்தெருவில் வேறு எப்படிப் பேசுவது? இங்கே ரகசியம் என்று ஒன்று யாருக்கும் கிடையாது. போனை வைத்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஒரு துண்டை உருவி மூக்கைச் சிந்தினேன். நைனா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

அப்போது எதிர்வீட்டுச் சத்தம் நின்றது.

அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெருக்கோடி வரைக்கும். கடைசியாக எங்கள் வீடு.

கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில்தான் நிற்கும். அன்றைக்கு வீடு வீடாகப் போனது. ஏதோ ஃபேஸ் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எப்படிப் போனால் எனக்கென்ன, போனால் சரி!

கங்கம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் பாடினேன். முதல் தடவை சரணத்தில் மூச்சு வாங்கியது. இரண்டாவது தடவை, சனியன், இருமல். என் ஓட்டை லேப்டாப்பின் பேட்டரி ஒரு பாட்டு முடிவதற்குள் உயிரை விட்டுவிடும். அன்றைக்கு மூன்றாவது தடவைக்கும் அசராமல் நின்றது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று எடுத்தேன் பாருங்கள் குரலை, குறைக்காமல், என் சொந்தத் தொண்டையில். முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சூப்பர்மா. இதுதான் ஃபைனல்."

ஐயோ, குதித்துக்கொண்டு எழுந்தேன். ஒரு பக்கத்துக் கட்டெல்லாம் சரிந்தது. அதற்குப் பின்னால் கிடந்த லேப்டாப் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒன்றும் புரியவில்லை. போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினேன்.

சுற்றியது.

கதவைத் திறந்தேன். தெருவே வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் இல்லை. தெருமுனையில் நைனா பைக்கில் வந்த ஒருத்தனை நிறுத்தி, இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகும்படி கையாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நாகபூஷணம் மாமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் கிசுகிசுத்தார். எங்கள் தெருவில் ஒருவர் கிசுகிசுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆயிடுச்சா பொண்ணே? கரண்ட் வந்துடலாமா?"

அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினேன்.

எதிர்வீட்டில் கரண்ட் வந்தது.