ஒருபக்கப் பரிமாற்றம்

ஆன்லைன் விளையாட்டில் யாரிடமோ ஏமாந்து தன் சிறகுக் குதிரையைக் கொடுத்துவிட்டு அனிட்டா சாப்பிடாமல் கிடந்தபோதுதான், ஜெசிந்தா ‘காவல் குரல்’ என்ற பேசும் கருவியை வாங்கி மகளின் காதில் மாட்டினாள். யாராவது பண்டமாற்றுக்கு வந்து, பதிலுக்கு வைக்கவேண்டிய பக்கத்தைக் காலியாக விட்டாலோ அவசரப்படுத்தினாலோ அது எச்சரிக்கும். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் துணையாகப் போனது. என் பிள்ளையை எவனும் ஏமாற்ற முடியாது என்று ஜெசிந்தா தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் தம்பி ரோஷனுக்கு அக்காவின் எலும்பு மஜ்ஜை வேண்டும். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையானாலும் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் எடுக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது.

“சரின்னு சொல்லுட்டி. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காருல்லா.”

“பதிலுக்கு எனக்கு என்ன தருவீங்க?”

“தம்பி பொழைச்சிருவாம்ட்டி!”

“அது அவனுக்குக் கிடைக்கிறதும்மா.” அனிட்டா காதில் கைவைத்துக் கவனித்தாள். “ஒரு பக்கம் காலியா இருக்காம். நீ வேற அவசரப்படுத்துத. வேண்டாம்னு சொல்லுது.”

ஜெசிந்தா கருவியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு, “இப்ப நீயா சொல்லு தங்கம்” என்று கெஞ்சினாள்.

கண்ணாடிக்கு அப்பால் தூங்கும் தம்பியை அனிட்டா நெடுநேரம் பார்த்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

“எனக்கும் குடுக்கணும்னுதாம்மா இருக்கு” என்றாள். “இப்படித் தோணும்போதுதான் ஏமாத்துவாங்க.”