பயறு தின்ற மாடு

"மாட்டைக் கட்டி வைக்கத் தெரியாதா? மறுபடியும் என் பயறுல வாய வெச்சிடுச்சு."

தங்கச்சி வீட்டு வாசலில் நின்று அண்ணன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அவள் பதில் பேசாமல் அவர் ஓட்டி வந்த மாட்டின் கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடப் பிறந்தவன் செய்கிற காரியமா இது என்று பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். புருஷனை இழந்தவள். அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவள் வீடு ஓடுகிறது.

தன் கல்யாணத்துக்கு வராத அண்ணனோடு அவள் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது. தீவனம் வாங்க வழியில்லாமல் வெறும் வைக்கோலைப் போட்டதில் மாடு எலும்பும் தோலுமாகிவிட்டது. பயறு, பருப்பு என்று ஏதாவது புரதம் உள்ளே போனால்தான் பால் ஊறும் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டு அண்ணன் ஆள் மூலம் ஒரு மூட்டை புண்ணாக்கு அனுப்பினார். பிரிக்காமலே திரும்பி வந்தது.

அந்தக் கோபத்தில்தான் தினமும் போய்க் கத்துகிறார் என்று அவர் மனைவியும் நினைத்தாள். வேலியில் இருக்கிற ஓட்டையை அடைக்கச் சொன்னால், பார்க்கலாம் என்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளே கம்பிச் சுருளோடு வயலுக்குக் கிளம்பினாள்.

ஓட்டைக்கு உள்பக்கம் ஒரே ஒரு பாத்தியில்தான் தட்டைப்பயறு இருந்தது. ஒரு பாதியில் காய் முற்றித் தொங்கியது. மாடு மேய்ந்த பாதியில் புதிதாக விதைத்து முளை விட்டிருந்தது. அதைத் தாண்டி, கோழிகூட நுழைய முடியாதபடி இன்னொரு வேலி.

கம்பியை அங்கேயே போட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். நாத்தனார் பால் கறந்துகொண்டிருந்தாள். மாட்டின் உடம்பில் மினுமினுப்பு ஏறியிருந்தது.

பார்த்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். "அவர் திட்டுறதை மனசுல வெச்சுக்காதேம்மா."

"தெரியும் அண்ணி. மாடு வயிறு நிறையத் தின்னு முடிச்சப்புறம்தான் அண்ணன் ஓட்டிக்கிட்டு வருவார். அதனாலதான் நானும் கயித்தை இறுக்கிக் கட்டுறதில்லை."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற?"

நாத்தனார் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள்.

"பேச ஆரம்பிச்சா பழசெல்லாம் வந்துடும் அண்ணி. இப்ப, திட்டுற சாக்குலயாவது அண்ணன் தினமும் என் வாசலுக்கு வர்றார்."