இரண்டாம் வருச யப்பான்

"ஐயா, நான் சொல்லுறதைக் கொஞ்சம்..."

"என்னத்தைக் கேக்கிறது? யூனிவசிட்டியில முதல் வருசம் யப்பான் மொழிப் பாடத்தில முதலாம் பிள்ளை. இரண்டாம் வருசம் பெயில். எழுத்தெல்லாம் மறந்து போச்சோ?"

"எழுத்து மறக்கேல்லை. வகுப்பிலதான்..."

"வகுப்பில நித்திரையோ?"

விமலேஸ்வரி திரும்பவும் வாய் திறந்தாள். தகப்பன் பரமலிங்கத்தார் இடம்விட்டால்தானே? அரசாங்க உத்தியோகத்தர் கட்டாயம் எழுதவேண்டிய சிங்களச் சோதனையை எழுதமாட்டேன் என்று கச்சேரி வேலையை உதறிவிட்டு, கிளிநொச்சிக்கு வயல் செய்ய வந்த மனிதர் அவர். மகளையும் அந்த மொழியின் பக்கம் தலைவைத்துப் படுக்கவிட்டதில்லை. யப்பான் படித்தால் தூதுவராலயத்தில் வேலை, சிங்களமே தேவைப்படாது என்று கணக்குப் போட்டவரும் அவர்தான்.

"உன்னோட படிச்சதுகள் எல்லாம் பாஸ். உனக்கு மட்டும் என்ன வந்தது?"

குசினிக்குள் இருந்து தாய் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் மூச்சு விடுங்கோவன். பிள்ளை சொல்லட்டும்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"முதல் வருசம் இங்கிலீசில படிப்பிச்சவை, ஐயா. இந்த வருசம் யப்பானைச் சிங்களத்திலதான் விளங்கப்படுத்தினவை. இனி எதை முதல் படிக்கட்டும், நீங்களே சொல்லுங்கோ."